வேலாயுதம் மாற்றிய ஒரே மோட்டார்

ரங்கூன் ரோட்டுப் பட்டறையில் கார் வந்து நின்றதும் டிரைவர் இறங்கிக் கோளாறைச் சொல்ல வாயைத் திறப்பார். வேலாயுதம் கையை உயர்த்துவார். "அணைக்காதீங்க. அப்படியே ஓடட்டும்." தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு மூடியைத் திறந்து நேராக அந்த இடத்தில் கை வைப்பார். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். பத்தாவது முறை, "இவன் வண்டியை இல்ல, வண்டிக்காரனைத்தான் பிரிச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேட்பார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பட்டறை ஒரு சீனத் தவுக்கேயுடையது; முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பதினாறு வருஷம் அங்கேதான் வேலை. அந்தப் பதினாறு வருஷத்தில் தனக்கென்று ஒன்றே ஒன்றைத்தான் அவர் செய்து பார்த்தார். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் என் பங்கும் இருப்பதால் எங்கேயாவது என்னைத் தப்பிக்கவைத்து எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. முடிந்தவரை நடந்தபடியே சொல்கிறேன்.

1959இல் நான் சிங்கப்பூர் வந்து காலியர் கீயில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கெர்பாவ் ரோட்டில் வேலாயுதம் வாடகைக்கு எடுத்திருந்த மாடியில் எனக்கு ஒரு பலகைத் தடுப்பறை கிடைத்தது. அவரும் அவர் மனைவி பாக்கியலட்சுமியும் முன்னறையில். பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான் 'கிராணியாரே'. அந்த அம்மாளுக்குத் 'தம்பி'. பள்ளியில் தமிழும் இங்கிலீஷும் சமமாகப் படித்தவன் என்பதால் அந்தத் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் வரும். எனக்கு வரும் கடிதத்தைத்தான் நான் கடைசியாகப் பிரிப்பேன். இங்கே தங்கி வேலை செய்வதற்கான பாஸை வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்கமாட்டோம் என்று எந்த நாளும் ஓர் உறை வரலாம் என்ற நினைப்பிலேயே பத்து வருஷம் இருந்தவன் நான்.

1961 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் ஒலி முகம்மது பட்டறைக்கு வந்தார். சாங்கி ஜெட்டியிலிருந்து எதிரேயுள்ள உபின் தீவுக்கு ஆள் ஏற்றிப் படகு ஓட்டுபவர். நாகூர்ப் பக்கம் பூர்வீகம், கட்டியது மலாய்ப் பெண்ணை. பழைய டயர் டியூப் இரண்டு துண்டு வேண்டும் என்று கேட்டார்.

"டியூப்பு எதுக்கு பாய்? நீச்சலா?"

"மோட்டாருக்குத் தொப்பி தைக்க, அண்ணே."

"வெயில் அடிக்குதா அதுக்கு?"

"சிரிக்காதீங்க லா. டாங்கி மூடிக்கு வாஷர் வெட்டணும். மாசம் ரெண்டு வெட்டுறேன். நடுக்கடல்ல புஸ்ஸுன்னுது, மோட்டார் படுத்துக்குது. போன வாரம் வாத்தியாரம்மா ரெண்டு பேர வச்சுக்கிட்டு உபின் வரைக்கும் துடுப்புப் போட்டேன். அந்த அம்மா என்கிட்டே 'ஸ்கூல் மணி அடிச்சிருப்பாங்க'ங்குது. நான் என்ன, மணியா ஓட்டுறேன்?"

வேலாயுதம் வேலையை நிறுத்திவிட்டு விவரம் கேட்டார். படகின் பின்புறம் மாட்டுகிற அந்தப் பழைய அவுட்போர்ட் மோட்டாரில் பெட்ரோலை ஏற்றித் தர பம்பு கிடையாது. இஞ்சின் தன் வயிற்றிலிருந்து கொஞ்சம் காற்றை ஒரு ரப்பர் குழாய் வழியாக டாங்கிக்குள் ஊதும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் பக்கத்துக் குழாய் வழியாக இஞ்சினுக்கு ஏறும். டாங்கி மூடி காற்றுப் போகாமல் இறுகியிருந்தால்தான் இது நடக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் காற்று வெளியே போகும், பெட்ரோல் ஏறாது. ஏஜென்ட் கடையில் கேட்டால் அந்த மாடலுக்கு மூடி வருவதில்லை, புது மோட்டார் வாங்கிக்கொள் என்கிறார்கள். சாங்கி ஜெட்டியில் இதே மோட்டார் பன்னிரண்டு படகில் இருந்தது.

அன்று சாயங்காலம் வேலாயுதம் ஏதோ ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். நசுங்கிப்போன காரிலிருந்து கழற்றிய எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பு. உள்ளங்கை அகலம் இருக்கும். சமையலறைத் தரையில் ஒரு பாட்டரியை வைத்து, இரண்டு டின்னை வைத்து, ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியைத் தொட்டார். டக், டக், டக் என்று அது துடித்தது. மண்ணெண்ணெய் ஒரு டின்னிலிருந்து மற்றதற்குப் போனது.

"சோறு வேகுற இடத்துல என்ன கூத்து இது?" என்றார் பாக்கியம் அக்கா.

"இதய வைத்தியம் பண்றேன்டி. பேசாம இரு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாங்கிக்குப் போனோம். மோட்டாரோடு வந்த இங்கிலீஷ்ப் புத்தகத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் பாதிச் சொல் எனக்கு விளங்கவில்லை. நான் தடுமாறிப் படிப்பதைக் கேட்டுவிட்டு அவர் அந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டுவார். "இங்கிலீஷ் உங்களுக்கு, இஞ்சின் எனக்கு. ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு முழு மெக்கானிக் கிராணியாரே."

இஞ்சின் காற்று ஊதுகிற துவாரத்தைப் பித்தளைத் தகடு வெட்டி அடைத்தார். டாங்கி மூடியில் காற்றுப் போக ஊசித்துளை போட்டார். பம்பைப் பலகையில் முடுக்கி ஆசனத்துக்கு அடியில் வைத்தார். பாட்டரிக்கு மரப்பெட்டி செய்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வராத நாள் ஏது? இஞ்சின் நின்றுபோன பிறகும் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தால் படகு முழுக்கப் பெட்ரோல் ஆகாதா என்றேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். "அதுக்குத்தான் சுவிட்ச். பாய் கை எட்டுற இடத்துல. மோட்டார் நின்னா மொதல்ல அத அணைக்கணும். நல்லாத்தான் யோசிக்கிறீங்க."

ஒலி முகம்மதுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "உப்புத் தண்ணியில போற சாமானுக்குக் கரண்டா? இந்த மோட்டார் பாட்டரியே இல்லாம தானே நெருப்புப் போட்டு ஓடுற சாதி, அண்ணே. அதுக்குப் போய் ஒரு தொட்டில் புள்ளையக் கட்டி விடுறீங்களே?"

"வாரம் ஒரு தடவ பாலு குடுத்தாப் போதும், தூங்கிடும்" என்றார் வேலாயுதம். சார்ஜ் போடுவதைத்தான் அப்படிச் சொன்னார்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு முறை கூட நிற்கவில்லை. ஒலி முகம்மது டியூப் வெட்டுகிற கத்தியால் பழம் நறுக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். மற்றப் படகுக்காரர்கள் வந்து ஆசனத்துக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் யாக்கூப். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் அவர் வேலாயுதத்தைக் கோப்பிக் கடைக்கு அழைத்து மலாய் மொழியில் சொன்னார்: அடுத்த வியாழக்கிழமை காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு உபினுக்குப் போய்த் திரும்புவோம், நானும் உட்கார்ந்து வருகிறேன், சரியாக இருந்தால் மீதிப் பதினொரு மோட்டாரையும் நீயே மாற்று, அதற்குப் பிறகு எங்கள் மோட்டார் எதுவும் வேறு கைக்குப் போகாது.

வேலாயுதத்துக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த ஒரு வாரம் அவர் நடையே மாறியிருந்தது. ஜெட்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தார். தவுக்கேயிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்தார். கடைப் பெயர்ப்பலகைக்கு இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார்.

"வேலாயுதம், மரைன் இஞ்சினீயர்னு போடுங்க."

"இஞ்சினீயர்னா பரீட்சை எழுதியிருக்கணும் அண்ணே. யாராவது கேட்டா வம்பு. மெக்கானிக்னு போடலாம்."

"நீங்க பயந்து பயந்து என்னைய வேலக்காரனாவே வச்சிருப்பீங்க போல" என்று சிரித்தார். அப்புறம், "சரி, மெக்கானிக்" என்றார்.

அந்த வியாழக்கிழமை விஜயதசமி. முதல் நாள் புதன்கிழமை ஆயுத பூஜை. சார்ஜ் போட்ட பாட்டரியை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்பானர்கள், சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் பாக்கியம் அக்கா துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார். நானும் என் பேனாவையும் ஆபீஸ் மேசைச் சாவியையும் வைத்தேன்.

"இந்தக் கறுப்புப் பொட்டியையுமா? உள்ள ஆசிட்டு இருக்குங்கிறீங்களே" என்றார் அக்கா.

"நாளைக்கு நம்ம சோறே அதுக்குள்ளதான் இருக்கு. வை."

அக்கா பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார், அதன் மேல் குங்குமம். தீபாராதனை முடிந்தது. வேலாயுதம் கீழே யாரிடமோ பேசப் போனார். அக்கா சுண்டலைத் தாளிக்க உள்ளே போனார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் படகில் நானும் வர வேண்டும் என்று வேலாயுதம் சொல்லியிருந்தார். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பாட்டரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே இரண்டு ஈய முனைகள் குட்டிக் கொம்புகள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கரண்டு வெளியே வருவது அந்த வழியாகத்தானே, பொட்டு வைக்க வேண்டிய இடம் அதுவல்லவா என்று தோன்றியது. பெட்டியின் பக்கத்தில் வைத்த பொட்டு வாசலை விட்டுவிட்டுச் சுவரில் கோலம் போட்ட மாதிரி இருந்தது. கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளி இரண்டு முனைகளையும் சுற்றித் தடவினேன். மேலே குங்குமமும் வைத்தேன். அது போதாதென்று இன்னொரு சுற்றுத் தடவினேன். பயந்தவனின் பக்தி எப்போதும் அளவுக்கு மேலேதான் போகும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

காலையில் வேலாயுதம் முதல் பஸ்ஸில் சாங்கிக்குப் போய்விட்டார். குழாய்களையெல்லாம் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டுமாம். பாட்டரியை நான் டாக்சியில் கொண்டுவர ஏற்பாடு. பஸ்ஸில் ஆசிட் சிந்தினால் கண்டக்டர் சண்டைக்கு வருவான். துண்டு போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஜெட்டியில் இறங்கும்போது வேலாயுதம் படகின் முனையில் குனிந்து டாங்கிக் குழாயோடு இருந்தார். ஒலி முகம்மது ஓடிவந்து என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "குடுங்க, நானே மாட்டிடறேன். மூணு வாரமா நான்தானே மாட்டுறேன்." அவர்தான் கம்பி நுனியில் இருந்த கிளாம்புகளை ஈய முனைகளில் மாட்டி முடுக்கினார். சுவிட்சைப் போட்டதும் டக் டக் என்றது. வேலாயுதம் அங்கிருந்தே காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

பத்துப் பேர் ஏறினார்கள். உபின் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர், கல்லுடைக்கும் ஆட்கள் நாலு பேர், வாத்துக் கூடையோடு ஒரு சீனக் கிழவி, யாக்கூப், வேலாயுதம், நான். யாக்கூப் முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பரீட்சை அதிகாரி மாதிரி. மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது.

கரையை விட்டுப் பாதித் தூரம் போயிருப்போம். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. எனக்கு வேலாயுதத்தைப் போலக் காது இல்லை. ஆனால் பயந்தவனுக்கு ஒரு காது உண்டு. டக் டக் நின்றது எனக்கே கேட்டது.

"அண்ணே..."

அவர் ஏற்கெனவே முழங்காலிட்டிருந்தார். இஞ்சின் கிண்ணத்தில் மீந்திருந்த பெட்ரோலில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது, இருமியது, நின்றது. வேலாயுதம் சொல்லிக்கொடுத்தபடியே ஒலி முகம்மது முதலில் சுவிட்சை அணைத்தார். அந்த ஒழுங்கை நான் இன்றும் மறக்கவில்லை. நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் இழுத்தது. கருங்கல் ஏற்றிய தொங்கான் என்ற பெரிய சரக்குப் படகு ஒன்றை இழுவைப் படகு இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு ஒதுங்க இடமில்லை.

"துடுப்பு! துடுப்பு எங்க?" என்று கத்தினார் ஒலி முகம்மது. துடுப்பு கிழவியின் கூடைக்கு அடியில் இருந்தது. மூன்று வாரமாகத் தேவைப்படாத துடுப்பு. வாத்துகள் கூச்சலிட்டன. தொங்கானின் சுவர் எங்கள் மேல் வந்தபோது ஒலி முகம்மது கையால் தள்ளினார். படகு தப்பியது. அவர் வலது கை எங்கள் படகுக்கும் தொங்கானுக்கும் நடுவில் சிக்கியது.

அதே சமயம் வேலாயுதம் சுவிட்சைப் போட்டு, பாட்டரிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டி, ஸ்பானரால் கிளாம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். டக், டக், டக். கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் முந்தியிருந்தால்.

அப்படியே சாங்கிக்குத் திரும்பினோம். ஆசிரியை ஒருத்தி தன் முக்காட்டைக் கிழித்து ஒலி முகம்மதுவின் கையைக் கட்டினாள். ஜெட்டியில் இறங்கியதும் யாக்கூப் குடையை மடக்கினார். வேலாயுதத்தைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "துடுப்புக்குக் கரண்டு வேண்டாம்" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒலி முகம்மதுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. சாயங்காலம் மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். அவர் மனைவி ஹலீமா பக்கத்தில் ஆரஞ்சை உரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

"அழாதேன்னு சொல்லுங்க கிராணியாரே. படகு ஓட்ட எட்டு விரலு ஜாஸ்தி" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "கிளாம்ப நல்லாத்தான் முடுக்கினேன். முனையிலெல்லாம் சந்தனம் அப்பியிருந்துச்சு. சாமிக்கு வச்சது. என் கையால அத எப்படித் தொடைக்கிறது? உங்க வீட்டு அக்கா மனசு கஷ்டப்படுமே. அப்படியே மேல மாட்டிட்டேன். சத்தமும் வந்துச்சே."

பக்கத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த சந்தனம் ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில். எங்கேயோ ஓர் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்து, அலையில் ஆட்டம் கண்டு விட்டுப்போயிருக்கிறது. மூன்று வாரம் ஓடிய பம்பு அன்றைக்கு மட்டும் நின்றதற்கு வேறு காரணமே இல்லை.

"ஏன் கிராணியாரே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல பாய். ஆஸ்பத்திரி வாடை."

மறுநாள் போலீஸ் விசாரித்தது. படகில் இருந்தவர்களின் பேரெல்லாம் எழுதினார்கள். என் பாஸ் நீட்டிப்பு மனு அப்போது அதிகாரிகள் மேசையில் இருந்தது. போலீஸ் காகிதத்தில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு குற்றம் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நூறு முறை கணக்குப் போட்டேன். "நான் வெறும் பயணிங்க. எனக்கு மோட்டார் பத்தித் தெரியாது" என்றேன். அப்போது, எனக்கு முன்பே விசாரிக்கப்பட்ட வேலாயுதம் சொன்னதை இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டினார்: கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை, புறப்படுமுன் அதைச் சோதிக்காதது என் தவறு, வேறு யார் மேலும் குற்றமில்லை.

அவருக்கு விஷயம் தெரியாது, பாவம், எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். ஜெட்டியில் சொல்லியிருக்கலாம், வீட்டுப் படியில் சொல்லியிருக்கலாம். பாஸ் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பாஸ் டிசம்பரில் வந்தது. அதற்குள் சொல்லாமல் இருந்ததே ஒரு குற்றமாகிவிட்டிருந்தது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வேலாயுதம் படகிலிருந்து பம்பைக் கழற்றி எடுத்துவிட்டார். பித்தளைத் தகட்டைப் பிரித்துக் காற்றுக் குழாயைப் பழையபடி மாட்டினார். ஒலி முகம்மது வேண்டாம் என்றுதான் சொன்னார். "ஓடுச்சே அண்ணே, நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் கட்டுப் போட்ட கையோடு. இவர் கேட்கவில்லை. கொட்டகையை யாரோ வலை போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்கள். தவுக்கே பட்டறைக்கே தொடர்ந்து போனார். காரின் சத்தத்துக்குக் காதைச் சாய்ப்பார். சாங்கிப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினார்.

அந்த வீட்டில் இன்னொன்றும் நின்றது. மறுவருஷம் ஆயுத பூஜைக்குப் பாக்கியம் அக்கா சாமான்களைக் கேட்டபோது, "பட்டறையிலேயே இருக்கட்டும்" என்றார். அதற்கடுத்த வருஷமும் அதே பதில்தான். அக்கா என்னிடம் வந்து குறைப்பட்டார். "உங்க அண்ணன் கறுப்புச் சட்டைக்காரரா மாறிட்டாரா தம்பி? கூட்டத்துக்குக் கீட்டத்துக்குப் போறாரா? சந்தனம் அரைக்கிறதப் பாத்தாலே எழுந்து வெளிய போயிடறாரு."

நான் அதைக் கேட்டும் முடிச்சைச் சேர்க்கவில்லை. தோற்றவனுக்குச் சாமி மேல் கோபம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

1963 கடைசியில் நான் வேறு அறைக்கு மாறினேன். அவர்கள் பிறகு தோ பாயோவில் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கிப் போனார்கள். 1969இல் என் கம்பெனி ஆள் குறைத்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு இனி வேலை அனுமதி கிடைப்பது கஷ்டம் என்றார்கள். இத்தனை வருஷமாகப் பயந்த உறை ஒருவழியாக வந்துவிட்டது. கப்பல் டிக்கெட் எடுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் விடைபெறப் போனேன். இனி எனக்கு யாராலும் எதுவும் ஆகாது என்று ஆன பிறகுதான் சொல்லத் துணிந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா அடுப்படியில் இருந்தார். நாங்கள் இருவரும் வெளித் தாழ்வாரத்தில் கம்பிப் பிடியருகே நின்றோம். கீழே பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பு போல இருந்தது, பொட்டு வைக்கத் தோன்றியது, இரண்டு சுற்றுத் தடவினேன், ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, போலீஸில் மறைத்தேன்.

வேலாயுதம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களா?" என்றார்.

"ஆமாண்ணே."

"சந்தனம்னு எனக்கு அன்னைக்கே தெரியும் கிராணியாரே. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. நான் கிளாம்பக் கழட்டினேன். உள்பக்கம் பூரா மஞ்சளா, ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கடல் தண்ணியில கழுவிட்டேன்."

"தெரியுமா? அப்ப ஏன் போலீஸ்ல..."

"வீட்ல பொட்டு வைக்கிறவ யாரு?" குரலைத் தாழ்த்தி அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினார். "அவதான்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டருகிட்ட போயி, ஐயா, என் பொண்டாட்டி சந்தனம் வச்சா, மோட்டார் நின்னுச்சு, ஒரு மனுசன் வெரலு போச்சுன்னு சொல்றதா? மறுபடியும் மோட்டார் வேலையில எறங்கணும்னா யாக்கூப்புக்குக் காரணம் சொல்லணும். பாய்க்குச் சொல்லணும். அவ பேரு சாங்கி பூரா போகும். வேணாம்னு விட்டுட்டேன்."

"அக்காகிட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

"ஒரு வார்த்தை கேக்கல. எட்டு வருசம். கேக்காம இருக்கிறது பெரிய குணம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." அவர் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். "ஆனா அவ சந்தனக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பொல்லாத பார்வைதான் பாத்திருப்பேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது."

"நான் இப்பவே உள்ள போயி அக்காகிட்ட சொல்லிடறேன். பாய்க்கும் லெட்டர் எழுதறேன்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தார். பட்டறைக் கை. வலித்தது.

"பாய் அதுக்கு மேலதானே கிளாம்ப மாட்டினாரு? தெரிஞ்சா, தன் வெரலத் தானே வெட்டிக்கிட்டேன்னு நெனப்பாரு. அவருக்கு வேணாம். இவகிட்ட சொன்னீங்கன்னா, எட்டு வருசமா நான் அவள என்னன்னு நெனச்சுக் குடித்தனம் பண்ணேங்கிறதும் சேந்து தெரிஞ்சு போகும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டுல உக்காருறது? ஊருக்குப் போறவரு நீங்க. போயிட்டு வாங்க. இத என்கிட்டயே விட்டுட்டுப் போங்க."

அக்கா கோப்பித் தட்டோடு வந்தார். "ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசுறீங்க? பொண்ணு பாத்தாச்சா தம்பி ஊர்ல?" என்று சிரித்தார். கோப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார். "போறதுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்கு ஒரு புத்தி சொல்லிட்டுப் போங்க. இந்த வருசமாவது பூசை வைக்கட்டும். புது வீட்டுக்கு வந்து ஒரு தடவ கூட வைக்கல. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னாக் கேப்பாரு."

"வைக்கலாம்" என்றார் வேலாயுதம்.

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

"வைக்கலாம்ங்கிறேன்ல. சாமானெல்லாம் நானே எடுத்துட்டு வர்றேன். நீ உன் இஷ்டப்படி வை. எங்க வேணும்னாலும் பொட்டு வை."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "எத்தனை வருசமாச் சொல்றேன் தம்பி! எப்படித்தான் மனசை மாத்துனீங்களோ. நீங்க நல்லா இருக்கணும்." உள்ளே போய், கப்பலுக்கென்று செய்து வைத்திருந்த முறுக்கு டப்பாவோடு இன்னொரு பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டி எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

வேலாயுதம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.